துணைப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்த நாள்

போன மாதம் பிரவீன் போன் செய்தான். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவன். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு காப்பகம் இருக்கிறது. வழி தவறி வந்தவர்களையும் கைவிடப்பட்டவர்களையும் வைத்துப் பராமரிக்கும் இடம். அங்கே இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். காப்பகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இடம் நல்ல இடம். தப்பு என்னுடையது.

“சம்பந்தம் சார், செர்வர் ரூமைக் காலி பண்றோம். இனிமே எல்லாம் வெளியூர்ல எங்கயோ சேவ் ஆவுது. தானா காப்பியும் ஆயிடுது. ரெண்டு பொட்டியையும் எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போங்க” என்றான்.

“அதுல பாக்க என்னப்பா இருக்கு?”

“இல்ல சார், புதுசா வந்த பசங்க கேக்கறாங்க. எதுக்கு ரெண்டு வெச்சீங்க, எப்பிடி வெச்சீங்கனு நீங்களே எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். பெருமையாக நாலு பக்கம் வரும் என்று அவன் எதிர்பார்க்கிறான் போலிருக்கிறது. எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுத வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. அதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டார். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, டவுனில் ஒரு மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, ஒரு ஸ்கேன் சென்டரில் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். முப்பத்தாறு வயதில் காப்பகத்துக்கு வந்தேன். நெட்வொர்க், செர்வர் எல்லாம் அங்கே போய்த் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டவைதான். சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆனால் வாயில் மட்டும் பெரிய இன்ஜினியர் பேச்சு இருக்கும். அதை முதலில் கண்டுபிடித்தவர் கஸ்தூரி மேடம்.

மேடம் நிர்வாகியாக வந்தபோது அவருக்கு முப்பத்து மூன்று வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அறைக்குள் வந்தால் நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழிக்காமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார். எனக்கு அவரைப் பார்த்தால் பயம் கிடையாது. ஆனால் அவர் போன பிறகு ஒரு டீ குடிக்க வேண்டும் போல இருக்கும்.

அவர் வருவதற்கு முன்பு, புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து விட்டால் ஒரு பாரம் நிரப்புவோம். பெயர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, மொழி தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். மேடம் அதை மாற்றினார். வந்தவரை உட்காரவைத்து, சாப்பாடு கொடுத்து, அவர் பேசுவதை ஒரு சின்ன ரெக்கார்டரில் முழுக்கப் பதிய வேண்டும். புரிந்தாலும் புரியாவிட்டாலும் சரி.

“நாம எழுதினா நமக்குப் புரிஞ்சததான் எழுதுவோம். அவங்க சொன்னது அப்படியே இருக்கட்டும். புரிஞ்சவங்க வரப்ப கேட்டுக்குவாங்க” என்றார்.

அப்படித்தான் நடந்தது. எங்கள் யாருக்கும் புரியாத பேச்சு பேசிய ஒருவரின் பதிவை, கிரிவலம் வந்த வடநாட்டு யாத்ரீகர் ஒருவர் கேட்டுவிட்டு, ஐந்தே நிமிடத்தில் ஊரைச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கும் அந்த ரெக்கார்டர் மேல் மரியாதை வந்தது. தெலுங்குப் பதிவுகளைக் கேட்டு எழுதித் தர, சனிக்கிழமைதோறும் டவுனிலிருந்து ஒரு டீச்சர் வருவார். ரெக்கார்டரில் இருப்பதை அன்றன்றைக்கே செர்வரில் ஏற்றிவிட்டு, ரெக்கார்டரை அழித்துவிட வேண்டும். அது கண்டவர் கைக்கும் போகும் பொருள், உள்ளே இருப்பது அவரவர் வீட்டு விஷயம் என்பதால் மேடம் வைத்த விதி அது.

இந்த ஏற்பாட்டில் எல்லாமே ஒரு பெட்டியை நம்பித்தான் இருந்தது. ஒரு கோடையில் அது இரண்டு நாள் படுத்துக்கொண்டது. பிழைத்துவிட்டது என்றாலும் மேடம் விடவில்லை. டிரஸ்ட்டிடம் பேசி இன்னொரு பெட்டி வாங்கிக் கொடுத்தார். முதல் பெட்டி ஆபீஸ் கட்டடத்தில். துணைப் பெட்டியை, தீயோ தண்ணீரோ ஒன்றாகச் சேர்ந்து தாக்கக் கூடாது என்று, தோட்டத்துக்கு அந்தப் பக்கம் மருந்தகத்தின் பின்னறையில் வைத்தேன். நடுவே நூற்றைம்பது அடிக்குக் குழாய்க்குள் கேபிள் இழுத்தது நானும் பிளம்பரும்தான். முதல் பெட்டியில் ஒரு பதிவு ஏறினால் பத்து நிமிடத்துக்குள் துணைப் பெட்டியிலும் அது இருக்கும். முதலாவது விழுந்தால் இரண்டாவதைத் தூக்கி நிறுத்திவிடலாம்.

அந்தக் காப்பி எடுக்கும் வேலையைச் செய்தது துணைப் பெட்டியில் ஓடிய ஒரு சின்ன புரோகிராம். நானே எழுதியது. பெட்டியை அணைத்துப் போட்டால் அது தானாகக் கிளம்பாது. ஒரு வரி அடித்துக் கிளப்ப வேண்டும். தானாகக் கிளம்பும்படி செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை. யார் இதை அணைக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு மேடம் சீட்டோடு வருவார். சீட்டில் ஒரு நம்பர் இருக்கும். காப்பகத்தில் இருக்கும் யாரோ ஒருவருடைய பதிவு எண்.

“மொதப் பொட்டியத் தொடாதீங்க. ரெண்டாவதுலேர்ந்து எடுத்துக் காட்டுங்க.”

நான் எடுப்பேன். முதலில் போட்டோ. அதைப் பார்ப்பார். பிறகு ஒலிப்பதிவு. அதை முழுக்கக் கேட்பார். நாலு நிமிடமோ பதினாலு நிமிடமோ, நின்றபடியே, கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருமுறை சொல்லியும்விட்டேன்.

“மேடம், காப்பி ஆயிடுச்சினு ஸ்க்ரீன்லயே காட்டுது. தெனமும் பாக்கறேன். லைட்டும் எரியுது.”

“லைட்டு எரிஞ்சா பொட்டி ஓடுதுனு தெரியும், சம்பந்தம். இந்தம்மா உள்ள இருக்காங்களானு தெரியாது” என்று சொல்லிவிட்டு, பதிவை முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னார். நான் குறுக்கே பேசியதில் பதிவில் பாதி அவர் காதில் விழாமல் போயிருந்ததாம்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

காப்பகத்தில் ஆயுத பூஜை என்றால் கிரைண்டர், தையல் மெஷின், சமையல்கட்டுக் கத்தி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. செர்வருக்கும் பொட்டு வைப்போம். இரண்டு பெட்டிகள் வந்த முதல் வருடம், ஆம்புலன்ஸ் டிரைவர் ஏகாம்பரம் ஒரு நியாயம் கேட்டார்.

“பூஜை போட்ட ஆயுதத்த அன்னிக்கி எடுக்கக் கூடாது சார். ரெண்டு வண்டில நான் ஒண்ண நிறுத்தி வெக்கறேன்ல? உங்க பொட்டிங்க மட்டும் ஓடிக்கினே இருந்தா என்னா நாயம்?”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. முதல் பெட்டியை நிறுத்த முடியாது, ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். துணைப் பெட்டியை ஒரு நாள் நிறுத்தினால் என்ன? இரண்டுக்கும் சேர்த்து அது ஓய்வெடுக்கட்டும். மேடத்திடம் கேட்டேன். சிரித்தார். “நிறுத்துங்க. ஆனா விஜயதசமி அன்னிக்கி ஆபீஸ் தொறந்ததும் நான் சீட்டோட வருவேன்” என்றார். வருடம் தவறாமல் வந்தார். வருடம் தவறாமல் நானும் பொத்தானை அழுத்தி, அந்த ஒரு வரியை அடித்து, அவர் கேட்டவரை எடுத்துக் காட்டினேன்.

பிறகு டிரஸ்ட் அவரை வேறு ஊர்க் காப்பகத்துக்கு மாற்றியது. அடுத்து வந்த நிர்வாகி நல்ல மனிதர், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு மாதாமாதம் போக வேண்டிய கணக்கு சரியாகப் போனால் போதும் அவருக்கு. முதல் திங்கட்கிழமை வந்தால் நானே ஒரு நம்பரை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பார்த்தேன். நாலாவது மாதம் வேறு வேலை வந்துவிட்டது. ஐந்தாவது மாதம் வேறு வேலைகூட வரவில்லை, விட்டுவிட்டேன். தினமும் ஸ்க்ரீனைப் பார்ப்பதும் அத்தோடு நின்றது.

அந்த வருட விஜயதசமி காலை மருந்தகத்தின் பின்னறைக்குப் போனேன். பெட்டியின் மேல் சாமந்திப் பூ வாடிக் கிடந்தது. எடுத்துப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. வெளியே ஏகாம்பரம் பொரி பங்கிட்டுக்கொண்டிருந்தார். “சார், அப்புறம் கெடைக்காது” என்று கூப்பிட்டார். போய் வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு வரியை அடிக்கவில்லை. பின்னாளில் நானே என்னைப் பல விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்னையா என்று. ஒன்றும் இல்லை. பொரி வாங்கப் போனேன், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துத் தீபம் வந்தது. தீபத்தன்று எங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தைச் சொல்லி மாளாது. அன்று போலீஸ்காரர் ஒருவர் ஒரு அம்மாவைக் கொண்டுவந்து விட்டார். அறுபத்தைந்து வயது இருக்கும். தெலுங்கு. பஸ்ஸைத் தவறவிட்டு, கையில் இருந்த பையையும் எங்கோ விட்டிருந்தார் என்பது மட்டும் சைகையில் புரிந்தது; எங்களில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. வரவேற்பில் இருந்த செல்வி அவரைச் சாப்பிடவைத்துப் பேச்சைப் பதிந்துகொண்டாள். சாயங்காலம் நான் அதை முதல் பெட்டியில் ஏற்றினேன். ரெக்கார்டரை அழித்தேன். பெயர் எழுதும் இடத்தில் இப்போதைக்கு ‘தீபத்தம்மா’ என்று போட்டுவைத்தோம். சனிக்கிழமை டீச்சர் வந்து கேட்டால் தெரிந்துவிடும்.

மறுநாள் விடியற்காலை குளித்துவிட்டு வந்த அந்த அம்மா அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது முதல் நாளே தெரியும்.

அதற்கு அடுத்த நாள் காலை மின்சாரம் போய்ப் போய் வந்தது. பதினோரு மணி வாக்கில் முதல் பெட்டியிலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம். டிஸ்க் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு துளி பதற்றம் இல்லை. சொன்னால் வெட்கம், ஒரு சந்தோஷம்கூட வந்தது. இத்தனை வருடம் வைத்திருந்ததற்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது என்று நினைத்தேன். நிர்வாகியிடம் “பத்து நிமிஷம் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, தோட்டத்தைத் தாண்டி நடந்தே போனேன். ஓடக்கூட இல்லை.

துணைப் பெட்டியைத் திறந்தேன். பட்டியலின் கடைசிப் பெயர், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்த ஒரு பெரியவருடையது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. திரையை மூடித் திறந்து பார்த்தேன். பிறகு பெட்டியின் முன்பக்கம் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தேன்.

திரும்பி வந்து “ரெண்டும் போயிடுச்சு சார்” என்று நிர்வாகியிடம் சொன்னேன். பொய். அவர் ஐயோ பாவம் என்று என் தோளைத் தட்டினார். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

இடையில் வந்தவர்கள் இருபத்தாறு பேர். எல்லாருக்கும் நிரப்பிய பாரம் இருந்தது. பேசக்கூடியவர்களை மறுபடி உட்காரவைத்து, மறுபடி பதிந்துகொண்டோம். இருபத்தைந்து பேர் பேசினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தீபத்தம்மா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். செல்வி அழுதாள்.

“ரொம்ப நல்லா பேசனாங்க சார். சிரிச்சி சிரிச்சிப் பேசனாங்க. ஊர் பேர் கூட ரெண்டு வாட்டி சொன்னாங்க. எனக்கு வாய்ல நுழையல. அதான் ரெக்கார்ட் ஆயிடுச்சே, டீச்சர் பாத்துக்குவாங்கனு விட்டுட்டேன். எழுதி வெச்சிருக்கலாம் சார்.”

“உம்மேல தப்பு இல்லம்மா” என்றேன். தப்பு யார் மேல் என்பதைச் சொல்லவில்லை.

டிஸ்க் போன அன்று மத்தியானமே கஸ்தூரி மேடம் போன் செய்திருந்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கடைசியா எப்ப எடுத்துப் பாத்தீங்க?”

அவரிடம் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பொரி வரைக்கும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “டிஸ்க்க கூரியர்ல போடாதீங்க சம்பந்தம். நீங்களே மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். போன டிஸ்க்கிலிருந்து பதிவுகளை மீட்டுத் தரும் கடையில் ஒரு பையன் அதைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே படிக்கும் முள் உடைந்திருக்கிறது, இதே வகையில் இன்னொரு டிஸ்க் கிடைத்தால் அதன் முள்ளைப் போட்டு முயற்சி செய்யலாம், பழைய வகை, தேட வேண்டும் என்றான். தேடச் சொன்னேன். வாரம் தவறாமல் போன் செய்தேன்.

போட்டோவைப் போலீஸ் மூலம் ஆந்திராவுக்கு அனுப்பினோம். அனுப்பும் ஆயிரம் போட்டோக்களில் அதுவும் ஒன்று. ஆதாரில் பார்க்கலாம் என்றால் கண்ணில் புரை, விரல் ரேகை வேலை செய்து தேய்ந்து வழவழவென்று இருந்தது. மெஷின் எடுக்கவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆந்திரா பஸ்களின் போர்டில் இருந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். சித்தூர், பலமனேர், மதனப்பள்ளி, புங்கனூர். கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். பலமனேர் என்றதும் கண்ணீர் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நெல்லூர் என்றபோதும் வந்தது. கடப்பா என்றபோதும் வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அப்படித்தான் காரணமில்லாமல் வரும் என்று நர்ஸ் சொன்னார். ஆனாலும் தினமும் வாசித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதக் கடைசியில் தீபத்தம்மா இறந்துபோனார். பின்னால் யாராவது தேடி வந்தால் காட்ட வேண்டும் என்று இப்படிப்பட்டவர்களை எரிக்காமல் புதைப்பதுதான் வழக்கம். தலைமாட்டில் ஒரு கல் வைத்து நம்பர் எழுதினோம்.

அவர் இறந்த ஒன்பதாம் நாள் மெட்ராஸிலிருந்து போன் வந்தது. டிஸ்க் படித்துவிட்டதாம்.

அன்றைக்கே போய் வாங்கிவந்தேன். டீச்சரைச் சனிக்கிழமைக்குக் காத்திராமல் வரவழைத்தேன். பதிவு பதினோரு நிமிடம். டீச்சர் கேட்கக் கேட்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பெயர் லட்சுமம்மா. பலமனேர் பக்கம் ஒரு கிராமம், அதன் பெயரை இரண்டு முறை சொல்கிறார். மகன் சீனிவாசுலு, பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. வீட்டில் திருப்பதிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். அங்கே ஒரு பஸ்காரன் தீபம், தீபம் என்று கூவினானாம். ஏறிவிட்டாராம். இந்த இடத்தில் சிரிக்கிறார். என் மகன் திட்டுவான், ஆனால் வந்துவிடுவான், சொல்லி அனுப்புங்கள் என்கிறார்.

கிராமத்தின் பெயர் கிடைத்த மறுநாள் மத்தியானம் மகன் எங்கள் வாசலில் நின்றார். ஒரு நாள் வேலை. நாலு மாதமாக அவர் திருப்பதியிலும் காளஹஸ்தியிலும் மடம் மடமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். திருவண்ணாமலை அவர் நினைப்பிலேயே இல்லை.

அழைத்துக்கொண்டுபோய்க் கல்லைக் காட்டினோம். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு செல்வி அவரை என் அறைக்கு அழைத்துவந்தாள். நான் பதிவைப் போட்டேன். பதினோரு நிமிடமும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல தமிழிலேயே பேசினார். “மெஷின் கெட்டுப்போனா நீங்க என்னா சார் பண்ணுவீங்க. அம்மாவ நாலு மாசம் பாத்துக்கினீங்களே, அதுவே பெருசு.”

சரிதான் என்று விட்டிருக்கலாம். ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை வருடத்தில் எனக்கு ஓய்வு. ஆனால் அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்தார். அதைத் தாங்க முடியவில்லை.

“மெஷின் கெட்டாலும் எடுக்கறதுக்குத்தாங்க இன்னொரு மெஷின் வெச்சிருந்தோம். பூஜைக்கு அத நிறுத்தனேன். மறுநாள் சரியா ஓட்டியிருந்தா, அந்தச் சனிக்கிழமையே உங்களக் கூப்புட்டிருப்போம். அப்ப உங்கம்மா உசுரோட இருந்தாங்க. நான் ஓட்டல. அது என் தப்புங்க. எல்லார்கிட்டயும் ரெண்டும் கெட்டுப்போச்சினு பொய் சொல்லியிருக்கறேன்.”

கையை விட்டுவிட்டார். செல்வி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

கடைசியில் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“அம்மா சிரிக்கற எடம் ஒண்ணு வருதே. அங்கேர்ந்து இன்னொரு வாட்டி போடுங்க.”

போட்டேன்.